இறங்கியது தோலா, தசையா, புருவமா?

மேல் இமைத் தொய்வையும் அதற்கான அறுவை சிகிச்சைகளையும் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு, இமைச் சீரமைப்பு அறுவையில் பயிற்சி பெற்ற கண் மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 61. ஏழெட்டு ஆண்டுகளாக மேல் இமைகள் கனத்துக்கொண்டே வருகின்றன. புருவத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் செய்தித்தாள் படிக்கிறேன். மாலைக்குள் நெற்றி வலிக்கத் தொடங்கிவிடுகிறது. தோலை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் ஒரு மருத்துவர். உள்ளே தசையை இறுக்கிக் கட்ட வேண்டும் என்கிறார் இன்னொருவர். புருவத்தைத் தூக்காமல் பயனில்லை என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதை ஏற்பது?

பதில்: மூவரும் உங்களை நேரில் பார்த்தவர்கள், நான் உங்கள் கடிதத்தை மட்டும் பார்த்தவன். இருந்தாலும், அவர்கள் மூன்று விதமாகச் சொன்னதாலேயே இருவர் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 'இமை தொங்குகிறது' என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். உங்கள் வயதில் அவை மூன்றும் ஒரே முகத்தில் சேர்ந்திருப்பதும் மிக இயல்பானது.

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. வயதாகும்போது அது நெகிழ்ந்து, மடிப்பாகத் திரண்டு, இமை விளிம்பின் மீது கவிகிறது. இது தோல் தொய்வு. தோலுக்கு உள்ளே, கண்குழியின் ஆழத்திலிருந்து புறப்பட்டு முன்னோக்கி வரும் லெவேட்டர் என்ற தசைதான் இமையைத் தூக்குகிறது. அதன் முன்பகுதி மெல்லிய தகடு போன்ற நாணாக மாறி, இமைக்கு விறைப்பைத் தரும் சுமார் 10 மில்லிமீட்டர் உயரமுள்ள டார்சஸ் தகட்டில் பற்றியிருக்கும். அந்தப் பிடி தளர்ந்தால், தோல் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இமை விளிம்பே கீழே இறங்கிவிடும். இதைத்தான் மருத்துவர்கள் டோசிஸ் என்கிறார்கள். மூன்றாவது, இமையில் எந்தக் குறையும் இல்லாமல் மேலிருக்கும் புருவம் சரிந்து, தன் எடையை இமையின் மீது இறக்கிவைப்பது.

இவற்றில் உங்களுக்கு எது என்பதை ஓரளவு நீங்களே பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் நிலைக்கண்ணாடிக்கு முன் அமர்ந்து, கண்களை மூடி, நெற்றியை முழுவதும் தளர விடுங்கள். பிறகு புருவம் மேலேறாதபடி இரண்டு விரல்களால் அதன்மேல் லேசாக அழுத்திக்கொண்டு கண்களைத் திறங்கள். இப்போது தெரிவதுதான் உங்கள் இமையின் உண்மையான நிலை. இத்தனை ஆண்டுகளாக நெற்றித் தசை அதை மறைத்து வந்திருக்கிறது, உங்கள் நெற்றி வலிக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். அடுத்து, கவிந்திருக்கும் தோல் மடிப்பை ஒரு பஞ்சுக் குச்சியால் மெல்ல உயர்த்திப் பாருங்கள். அதன் பின்னால் இமை விளிம்பு, கருவிழியின் மேல் ஓரத்தை ஓரிரண்டு மில்லிமீட்டர் மட்டும் மறைத்தபடி தன் இடத்தில் இருந்தால், பிரச்சினை தோலோடு முடிந்தது. விளிம்பே கண்பாவையை நெருங்கி இறங்கியிருந்தால் தசையும் அதில் பங்குதாரர். புருவ எலும்பின் முகட்டை விரலால் தடவிப் பாருங்கள். பெண்களுக்குப் புருவம் பொதுவாக அம்முகட்டுக்குச் சற்று மேலேயும் ஆண்களுக்கு முகட்டின் மீதும் இருக்கும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் மூன்றாவது மருத்துவர் சொன்னதிலும் பொருள் இருக்கிறது.

மருத்துவர் இதையே அளவுகோலால் அளப்பார். கண்ணுக்கு நேரே சிறு விளக்கைப் பிடித்தால் பாவையின் நடுவில் ஒரு ஒளிப்புள்ளி தெரியும். அப்புள்ளிக்கும் மேல் இமை விளிம்புக்கும் இடையே பொதுவாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மேற்பார்வைப் புலம் மறைவதை நோயாளியே உணர்வார். பிறகு புருவத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்க்கச் சொல்லி, உடனே கூரையைப் பார்க்கச் சொல்வார். இதற்கிடையில் இமை நகரும் தொலைவு லெவேட்டரின் வலிமையைக் காட்டும். 12 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் தசை நன்றாக இருக்கிறது, அதன் பிடி மட்டுமே தளர்ந்திருக்கிறது என்று பொருள். 4 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ என்றால் தசையே செயலற்றது. அறுவை முறையைத் தீர்மானிப்பதில் இந்த ஓர் எண்ணுக்கு நிகரான தகவல் வேறில்லை. இதை அளக்காமலே நாள் குறித்துக் கொடுக்கும் இடத்தில் நான் என் வீட்டாரை அனுப்ப மாட்டேன்.

தோல் மட்டும் மிகுதியாக இருந்தால் பிளெபரோபிளாஸ்டி என்ற சிகிச்சை போதும். இமையின் இயற்கையான மடிப்புக் கோட்டில் கீறி, முன்கூட்டியே அளந்து குறித்த தோலையும், தேவைப்பட்டால் பிதுங்கி நிற்கும் கொழுப்பில் சிறிதையும் எடுத்துவிட்டுத் தைப்பார்கள். தழும்பு அந்த மடிப்புக்குள்ளேயே மறைந்துவிடும். இதில் எவ்வளவு எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விட்டுவைக்கிறோம் என்பதே முக்கியம்: புருவத்தின் கீழ் ஓரத்திலிருந்து இமைமுடி வரை சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் கண் முழுவதும் மூடாது. புருவம் சரிந்திருப்பதைக் கவனிக்காமல் தோலை மட்டும் எடுத்தால், நெற்றித் தசைக்கு இனி வேலை இல்லை என்று ஆகி, புருவம் இன்னும் கீழே இறங்கிவிடும். முகம் முன்பைவிடக் கடுகடுப்பாகத் தெரியும். அதேபோல் தசைத் தளர்ச்சியைக் கவனிக்காமல் தோலை எடுத்தால் இமை அழகாகவும் அதே அளவு தாழ்ந்தும் இருக்கும். ஆகவே, "எனக்குத் தோல் எவ்வளவு, தசை எவ்வளவு, புருவம் எவ்வளவு?" என்று மூவரிடமும் கேளுங்கள். அளந்து பார்த்தவர் எண்களைச் சொல்வார்.

கேள்வி: நான் 25 ஆண்டுகளாகக் கடின வகைக் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். இப்போது 47 வயதில் வலது இமை மட்டும் இறங்கியிருக்கிறது. வெளியில் தழும்பு தெரியாமல் உள்பக்கமாகவே அறுவை செய்யலாம் என்கிறார்கள். வெளிப்பக்கத்தில் செய்வதைவிட அது சிறந்ததா?

பதில்: கடின லென்ஸைக் கழற்றும்போது தினமும் இமையை இழுப்பது, நான் மேலே சொன்ன லெவேட்டர் நாணின் பிடியை ஆண்டுக்கணக்கில் தளர்த்துகிறது. இத்தகையவர்களுக்கு இமை மடிப்புக் கோடு வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கும். தசையின் வலிமையோ குறையாமல் இருக்கும். லென்ஸை நிறுத்தினால் மேலும் தளராமல் இருக்கலாம். இறங்கியது தானாக ஏறாது.

சிறந்தது எது என்பதை ஒரு சொட்டு மருந்து சொல்லிவிடும். லெவேட்டருக்குப் பின்னால் முல்லர் என்ற சிறு தசை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இமையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயர்த்துவது அதன் பங்கு. ஃபினைலெஃப்ரின் சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால் அத்தசை சுருங்கும். அப்போது உங்கள் இமை விரும்பிய உயரத்துக்கு ஏறினால், இமையைப் புரட்டி, உள்பக்கத்திலிருந்து முல்லர் தசையிலும் அதை மூடிய சவ்விலும் ஒரு பட்டையை எடுத்துத் தைக்கும் முறை உங்களுக்குப் பொருந்தும். 1975-இல் புட்டர்மேனும் யூரிஸ்டும் விவரித்த முறை இது. அதற்கு முன் 1961-இல் ஃபஸனெல்லாவும் செர்வாட்டும் டார்சஸ் தகட்டின் ஓரத்தையும் சேர்த்து வெட்டும் வேறொரு முறையைச் சொல்லியிருந்தார்கள். சொட்டு மருந்தால் எப்படித் தெரிந்ததோ ஏறக்குறைய அப்படியே முடிவும் அமைவதும், தோலில் கோடு விழாததும் இதன் நன்மைகள். ஆனால் இதனால் தோல் மிகுதியைச் சரிசெய்ய முடியாது. மிகவும் இறங்கிய இமைக்கும் இது போதாது.

மருந்துக்கு இமை அசையவில்லை என்றால், அல்லது தோலும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தால், வெளிப்பக்கமே சரியான வழி. மடிப்புக் கோட்டில் கீறி, விலகிப்போன லெவேட்டர் நாணைத் தேடிப் பிடித்து, முன்னே இழுத்து, டார்சஸ் தகட்டில் மறுபடி தைப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போட்டுத்தான் இதைப் பெரியவர்களுக்குச் செய்கிறோம், ஏனென்றால் நோயாளியின் ஒத்துழைப்பு தேவை. முதல் தையலை இறுக்காமல் தற்காலிகமாக முடிந்துவிட்டு, விளக்கைச் சற்று விலக்கி, "கண்ணைத் திறந்து என்னைப் பாருங்கள்" என்போம். தேவைப்பட்டால் மேசையிலேயே எழுந்து உட்காரச் சொல்லி, இரண்டு இமைகளின் உயரத்தையும் வளைவையும் எதிரே நின்று ஒப்பிட்டு, தையலை அரை மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ மறுபடி போடுவோம். இவ்வளவு பார்த்தும் சில நேரம் கணக்குத் தப்புகிறது. ஊசி மருந்து தசையை மந்தமாக்கும். அதில் கலந்திருக்கும் அட்ரினலின் முல்லர் தசையை முடுக்கும். வீக்கம் வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் மேசையில் சரியாகத் தெரிந்த இமை ஒரு மாதம் கழித்துச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம். மறுபடி ஒரு சிறு திருத்தம் தேவைப்படுவது அரிதல்ல என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடும் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: காலையில் என் இமைகள் சரியாகவே இருக்கின்றன. மாலையானால் இடது இமை தொங்கிவிடுகிறது; சில நாட்கள் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிகின்றன. 38 வயதில் அறுவை செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நேரத்துக்கு நேரம் மாறும் தொய்வு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் அடையாளமாக இருக்கலாம். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை உடலின் சொந்த எதிர்ப்புப் புரதங்களே வழிமறிக்கும் நோய் அது. மூடிய இமையின் மீது இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பையை வைத்து எடுத்ததும் இமை 2 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு ரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் மார்புப் படமும் தேவைப்படும். இதற்கு முதல் சிகிச்சை மருந்துதான். விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இமை திடீரென்று தொங்கி, அந்தக் கண்ணின் பாவை விரிந்து, தலைவலியும் இரட்டைப் பார்வையும் சேர்ந்தால், மூளையின் ரத்தக்குழாய்ப் புடைப்பு ஒன்று நரம்பை அழுத்துவதாக இருக்கக்கூடும். மாறாக, பாவை சுருங்கி, லேசான தொய்வோடு கழுத்து வலியும் இருந்தால், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். இரண்டிலும் செல்ல வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு.

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு வயது. பிறந்ததிலிருந்தே ஒரு கண் பாதி மூடியபடி இருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா, டாக்டர்?

பதில்: அம்மா, காத்திருக்கலாமா என்பதை இமையைப் பார்த்துச் சொல்ல முடியாது, பார்வையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிறு வயதில் ஒரு கண்ணுக்குத் தெளிவான உருவம் போய்ச் சேராவிட்டால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்ளாது. மந்தக்கண் எனப்படும் இந்தக் குறையை வளர்ந்த பிறகு இமையைத் தூக்கிச் சரிசெய்ய முடியாது. இமை பாவையை மூடியிருக்கலாம். மூடாமலே தன் எடையால் கருவிழியின் வளைவை மாற்றிப் பார்வைச் சிதறலை உண்டாக்கியிருக்கலாம். எனவே குழந்தையைக் குழந்தைகள் கண் மருத்துவரிடம் இப்போதே காட்டுங்கள். பாவை மறைந்திருந்தால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. பார்வை நன்றாக இருந்தால் மூன்று நான்கு வயது வரை, அளந்து கண்காணித்தபடி பொறுத்திருக்கலாம். குழந்தை எப்போதும் முகவாயைத் தூக்கியே பார்க்கிறதா, பால் குடிக்கும்போதோ மெல்லும்போதோ அந்த இமை துள்ளுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தாடையோடு சேர்ந்து துள்ளும் இமைக்குச் சிகிச்சை வேறு.

பிறவித் தொய்வில் பெரும்பாலும் லெவேட்டர் தசையே சரியாக உருவாகாமல் நார்போல் இருக்கும். சற்று வலிமை இருந்தால் அதைக் குறுக்கித் தைக்கலாம். வலிமையே இல்லை என்றால், இமையை நெற்றித் தசையோடு ஒரு பட்டையால் இணைத்துவிடுவோம். குழந்தை புருவத்தை உயர்த்தும்போது இமையும் உயரும். பட்டைக்குச் சிலிக்கான் இழையையோ, குழந்தையின் தொடையிலிருந்து எடுத்த தசையுறைப் பட்டையையோ பயன்படுத்துவார்கள். தொடைப் பட்டை நீண்ட காலம் உழைக்கும். போதிய நீளம் கிடைக்கக் குழந்தைக்கு மூன்று நான்கு வயதாவது ஆக வேண்டும். சிலிக்கான் எந்த வயதிலும் கைகொடுக்கும், பின்னாளில் தளரலாம். எதுவானாலும், அறுவைக்குப் பின் குழந்தை கண்ணைச் சற்றுத் திறந்தபடியே தூங்கும். வீட்டில் எல்லோரும் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான். இரவில் களிம்பு போட்டுக் கருவிழி உலராமல் காப்பது சில மாதங்களுக்கு உங்கள் பொறுப்பு.

கேள்வி: வலது இமைக்கு அறுவை நன்றாக முடிந்தது. மறுவாரமே இதுவரை சரியாக இருந்த இடது இமை இறங்கிவிட்டது. தவறு நடந்துவிட்டதா?

பதில்: இடது இமை முன்பே தளர்ந்திருக்க வேண்டும். இரண்டு இமைகளுக்கும் மூளை சம அளவில்தான் கட்டளை அனுப்புகிறது. எவால்ட் ஹெரிங் என்ற உடலியலாளரின் பெயரால் இதை ஹெரிங் விதி என்பார்கள். வலது இமையைத் தூக்க மூளை கூடுதலாக முயன்றபோது இடது இமையும் அந்த முயற்சியில் உயர்ந்து நின்றது. இப்போது அந்த முயற்சி தேவையில்லாமல் போனதும் அதன் உண்மை நிலை வெளிப்பட்டிருக்கிறது. அறுவைக்கு முன் இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்து, மறு இமை இறங்குகிறதா என்று பார்த்திருந்தால் இதை முன்பே சொல்லியிருக்கலாம். வீக்கம் முழுவதும் வடியட்டும். பிறகு இடது இமையை அளந்து முடிவு செய்யலாம்.

கேள்வி: அறுவை இல்லாமல் சொட்டு மருந்திலேயே இமை ஏறும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஓர் எல்லைக்குள். 0.1 சதவீத ஆக்ஸிமெட்டாசொலின் சொட்டு மருந்துக்கு, பெரியவர்களுக்குப் பின்னாளில் வரும் தொய்வுக்காக, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் ஒப்புதல் அளித்தது. அது முல்லர் தசையைச் சில மணி நேரம் சுருங்கவைத்து இமையை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயர்த்தும். மறுநாள் மறுபடி விட வேண்டும். தோல் மிகுதிக்கும் புருவச் சரிவுக்கும் அதனால் பயனில்லை. மூக்கடைப்புக்கு விற்கும் அதே பெயருள்ள மருந்தைக் கண்ணில் விட்டுப் பார்க்கும் விபரீதம் வேண்டாம். அறுவைக்கு உடல்நிலை இடம் தராதவர்களுக்கு, மூக்குக்கண்ணாடியின் உள்பக்கத்தில் இமையைத் தாங்கும் சிறு கம்பி ஒன்றைப் பொருத்தித் தருவதும் உண்டு. பழைய உத்திதான், ஆனால் சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

கேள்வி: என் கணவருக்கு 68 வயது. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கண் உலர்வுக்கும் சொட்டு மருந்து விடுகிறார். இமை அறுவையில் என்னென்ன ஆபத்துகள் உண்டு?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட இரண்டுமே மருத்துவர் முதலில் கேட்க வேண்டியவை. இந்த அறுவையில் மிக அரிதாக நேர்ந்தாலும் நாங்கள் மிகவும் அஞ்சுவது, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்குவது. எலும்புக்குழிக்குள் விரிய இடமில்லாததால் அது பார்வை நரம்பை அழுத்திப் பார்வையையே பறித்துவிடும். அறுவை முடிந்த இரவில் ஒரு கண்ணில் கடும் வலி, கண் முன்னே துருத்துவது, பார்வை மங்குவது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தையலைப் பிரித்து அழுத்தத்தைக் குறைக்க நேரம் மணிக்கணக்கில்கூட இல்லை. கட்டுப் போட்டு மறைக்காமல் கண்ணைத் திறந்துவைத்து வீட்டுக்கு அனுப்புவதும், பார்வை தெரிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இமைக்காக இதயத்தைப் பணயம் வைக்க முடியாது. நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரே சொல்ல வேண்டும். மூலிகை மாத்திரைகள், மீன் எண்ணெய் போன்றவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உலர்வைப் பொறுத்தவரை, இமை உயர்ந்தால் கண்ணின் திறந்த பரப்பு கூடும், கண்ணீர் விரைவில் ஆவியாகும். எனவே அவருக்கு இமையைச் சற்றுக் குறைவாகவே உயர்த்துவது புத்திசாலித்தனம். கண்ணை இறுக மூடச் சொல்லி, இமையைப் பிரித்துப் பார்த்து, கருவிழி மேல்நோக்கிச் சுழல்கிறதா என்றும் பார்ப்பார்கள். சுழலாத கண் இரவில் உலரும்.

மற்றபடி வீக்கமும் கன்றிய நிறமும் இரண்டு வாரங்கள் இருக்கும். முதல் இரண்டு நாட்கள் குளிர் ஒத்தடம் கொடுங்கள். தலையணையை உயர்த்திப் படுக்கட்டும். தையலை ஐந்து முதல் ஏழு நாட்களில் பிரிப்பார்கள். இமைமுடியருகே மரத்த உணர்வு சில வாரங்கள் தங்கும். இரண்டு இமைகளும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒன்றுபோல் அமைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள், இளமையிலும் அவை ஒன்றுபோல் இருந்திருக்காது.

கேள்வி: எனக்குக் கண்புரையும் இருக்கிறது, இமைத் தொய்வும் இருக்கிறது. எதை முதலில் செய்வது? மூக்குக்கண்ணாடியின் பவர் மாறுமா?

பதில்: இரண்டு பக்கமும் நியாயம் உள்ள கேள்வி. கனத்த இமை கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றியிருக்கும். புரைக்காகக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் அளவு அந்த வளைவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே தொய்வு அதிகமாக இருந்தால் இமையை முதலில் சரிசெய்து, வளைவு நிலைபெற்ற பின் புரைக்கு அளவெடுப்பது நல்லது. ஆனால் புரை அறுவையில் கண்ணைத் திறந்துவைக்கும் கருவியே இமை நாணைத் தளர்த்திவிடுவதும் உண்டு; தொய்வு லேசாக இருந்து புரை முற்றியிருந்தால் புரையை முதலில் முடித்துவிடலாம். உங்கள் இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசிவிட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும். மூக்குக்கண்ணாடியின் பவர் மாறக்கூடும். புதியது வாங்கும் எண்ணமிருந்தால் சட்டத்தை மட்டும் இப்போது தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வில்லைக்கான பரிசோதனையை இமை அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்துச் செய்துகொள்ளலாம்.